ஓய்வு வாரம் யாருடையது? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் ஒரு சொல்லும் சில எண்களும்

1899-ஆம் ஆண்டு நவம்பர் 9 அன்று ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தை 12–0 என்று வென்ற செவானிக் கல்லூரியின் கால்பந்து அணி, மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை 10–0 என்றும், அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேன் அணியை 23–0 என்றும் வென்றது. 12-ஆம் தேதி ஞாயிறு. செவானி திருச்சபை நடத்திய கல்லூரி. அன்று ஆட்டம் இல்லை. 13-ஆம் தேதி பேட்டன் ரூஜில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துடன் 34–0. 14-ஆம் தேதி மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துடன் 12–0. ஆறு நாட்களில் ஐந்து ஆட்டங்கள், ரயிலில் ஏறத்தாழ 2,500 மைல் பயணம். ஐந்து எதிரணிகளும் சேர்ந்து எடுத்த புள்ளி சுழியம். அந்தப் பருவத்தில் ஆடிய 12 ஆட்டங்களிலும் செவானி வென்றது.

இங்கே கால்பந்து என்று நான் குறிப்பது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதித் தள்ளி முன்னேறும் அமெரிக்கக் கால்பந்தை. ஒருமுறை களத்தைவிட்டு வெளியேறியவர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாத காலம் அது. இன்று அந்த விளையாட்டில் வாரத்துக்கு ஓர் ஆட்டத்துக்கு மேல் ஆடுவதை யாரும் கற்பனைகூடச் செய்வதில்லை. வாரத்துக்கு ஒன்று என்பதே கடுமையானது என்பதால்தான் பருவத்தின் நடுவே ஆட்டமில்லாத ஒரு வாரம் வைக்கப்படுகிறது. அந்த வாரம் உண்மையில் அணிக்கு உதவுகிறதா என்ற கேள்வி புள்ளியியலாளர்களைப் பல ஆண்டுகளாகப் பிடித்தாட்டி வருகிறது. கேள்வி சிறியதுதான், ஆனால் அதற்குள் இறங்கினால், மாணவர்களின் உடல்மீது யாருக்கு அதிகாரம் என்ற பெரிய கேள்வி ஒன்று அடியில் கிடக்கிறது.

செவானி அணி அப்படியொரு பயணத்தை மேற்கொண்டதன் காரணம் வீரம் அன்று, வரவுசெலவு. நுழைவுக் கட்டண வசூலைப் பங்கிடுவதில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடன் தகராறு ஏற்பட்டு, ஆண்டுதோறும் நல்ல வசூல் தந்த அந்த ஆட்டம் அவ்வாண்டு இல்லாமல் போயிற்று. அணியின் மாணவ மேலாளர் லூக் லீ, பிற்காலத்தில் டென்னசியிலிருந்து அமெரிக்க மேலவைக்குச் சென்றவர், இழந்த பணத்தை ஈடுகட்டவே இந்தச் சுற்றுப்பயணத்தை ஏற்பாடு செய்தார். ஆட்டமில்லாத நாளைக் கல்லூரி அணிகள் 'ஓப்பன் டேட்' என்று குறித்தன. இன்றும் அப்படிக் குறிப்பதுண்டு. திறந்த தேதி, அதாவது இன்னும் யாருக்கும் விற்கப்படாத தேதி. மேலாளரின் கணக்கேட்டில் அது ஓய்வு ஆகாது, நட்டம்.

இதற்குப் போட்டியாக வந்த சொல் 'பை'. கிரிக்கெட் அறிந்த நமக்கு அது மட்டையில் படாமல் கடந்து செல்லும் பந்தில் எடுக்கும் ஓட்டம். வெளியேறும் சுற்றுப் போட்டிகளில், அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால், இணை கிடைக்காமல் ஒதுங்கி நிற்பவர் ஆடாமலே அடுத்த சுற்றுக்குச் செல்வதும் 'பை'தான். பக்கத்தில், ஒதுங்கி, முதன்மையல்லாத என்னும் பொருள்தான் இவற்றுக்கு அடி. விடைபெறும்போது சொல்கிற 'பை'க்கும் இதற்கும் உறவில்லை என்பதை மொழியியல் படித்தவன் என்ற முறையில் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அது இறைவன் உன்னோடிருக்கட்டும் என்ற வாழ்த்தின் தேய்ந்த வடிவம்.

ஒதுங்கி நிற்றல் எப்போது ஓய்வாயிற்று? தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்-இன் அட்டவணைகளில் அந்தப் பொருள் மாற்றத்தை ஏறக்குறைய ஆண்டு குறித்தே காட்டலாம். 1960-இல் டாலஸ் அணி சேர்ந்தபோது மொத்தம் 13 அணிகள். 1966-இல் அட்லாண்டா சேர்ந்தபோது 15. ஒற்றைப்படை எண்ணிக்கை என்பதால் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஓர் அணிக்கு எதிரணி இல்லை. பழைய பொருளில் அது 'பை'. ஆனால் ஆடாத அந்த வாரத்தில் காயங்கள் ஆறுவதும் தற்செயலாக நடந்தது. இரு பொருள்களும் ஒரே சூழலில் உடனிருக்கும் இத்தகைய இடைநிலையில்தான் சொற்கள் தம் பொருளை மாற்றிக்கொள்கின்றன. பின்னர் 1990-இல், எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருந்தபோதும், 16 ஆட்டங்களை 17 வாரங்களில் பரப்பி ஒவ்வோர் அணிக்கும் ஒரு வெற்று வாரத்தை என்.எஃப்.எல். திட்டமிட்டே வழங்கியது. எதிரணி இல்லாமை காரணமாக இருந்த நிலை போய், எதிரணி இருந்தும் ஆடாதிருத்தல் வந்தது. காரணம் கருணை என்று எண்ண வேண்டாம். ஒரு வாரம் நீண்டால் தொலைக்காட்சிக்கு விற்க ஒரு வாரம் கூடுகிறது. 1993-இல் இரண்டு ஓய்வு வாரங்கள் தந்து பருவத்தை 18 வாரமாக்கிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டே கைவிட்டார்கள்.

கல்லூரிக் கால்பந்தில் ஓய்வு வாரத்தை நிர்ணயிப்பது நாட்காட்டி. செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்துக்கு முந்தைய சனியில் பருவம் முழுவீச்சில் தொடங்குகிறது. நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றியறிதல் நாளை அடுத்த சனியில் வழக்கமான ஆட்டங்கள் முடிகின்றன. இடையில் பெரும்பாலான ஆண்டுகளில் 13 சனிக்கிழமைகள். தொழிலாளர் தினம் செப்டம்பர் 1 அல்லது 2-இல் விழுந்தால் மட்டும் 14. அணிக்கு 12 ஆட்டங்கள் என்பது 2006 முதல் நிலையான விதி. ஆக, சாதாரண ஆண்டில் ஓர் ஓய்வு வாரம். 2013, 2014, 2019, 2024, 2025 போன்ற ஆண்டுகளில் இரண்டு. 2002, 2003 ஆண்டுகளில் 14 சனிக்கிழமைகள் கிடைத்தபோது அதை ஓய்வாக விடாமல், 11 ஆட்டங்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்த அக்காலத்தில் பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு இசைவு கொடுத்தார்கள். லூக் லீயின் கணக்கேடு இன்னும் மூடப்படவில்லை.

இனி எண்களுக்கு வருவோம். ஓய்வு வாரம் பற்றிய பேச்சுக்கெல்லாம் இன்றும் எடுத்துக்காட்டாக வருவது 2010-ஆம் ஆண்டின் அலபாமா. முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியன். பயிற்சியாளர் நிக் சேபன். எஸ்.இ.சி. எனப்படும் தென்கிழக்குக் கூட்டமைப்பில் அவ்வாண்டு அலபாமா சந்தித்த எட்டு எதிரணிகளில் ஆறு, அலபாமாவுடன் மோதுவதற்கு முந்தைய வாரம் ஓய்வில் இருந்தன. பருவம் தொடங்குமுன்பே அலபாமா ரசிகர்களிடையே முணுமுணுப்பு. முடிவும் அவர்கள் அஞ்சியபடியே அமைந்தது: தென் கரோலினா, எல்.எஸ்.யூ., ஆபர்ன் ஆகிய மூன்று அணிகளிடம் அலபாமா தோற்றது. மூன்றும் ஓய்வுக்குப் பின் வந்தவை. ஓய்வின்றி வந்த ஃப்ளோரிடா, ஆர்கன்சா இரண்டையும் வென்றது. ஓய்வெடுத்த அணிகளுக்கு எதிராக 3–3, எடுக்காதவற்றுக்கு எதிராக 2–0. இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா என்று கேட்டவர்கள் பலர்.

தெளிவு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எல்.எஸ்.யூ. ஆட்டம் நவம்பர் 6-இல் நடந்தது. அதற்கு முந்தைய அக்டோபர் 30 அன்று எல்.எஸ்.யூ. ஆடவில்லை, உண்மைதான், அன்று அலபாமாவும் ஆடவில்லை. இரு அணிகளுக்கும் கடைசி ஆட்டம் அக்டோபர் 23. ஓய்வில் வேறுபாடே இல்லாத ஓர் ஆட்டம் ஓய்வின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அது எல்.எஸ்.யூ-வின் சொந்த மைதானத்தில், 24–21 என்ற நூலிழையில் முடிந்த ஆட்டம் என்பதும் மறக்கப்பட்டது.

ஆபர்ன் ஆட்டத்தில் வேறுபாடு உண்டு: ஆபர்ன் கடைசியாக ஆடியது நவம்பர் 13, அலபாமா நவம்பர் 18. நவம்பர் 26 அன்று டஸ்கலூசாவில் அலபாமா 24–0 என்று முன்னிலை பெற்றது. நன்கு ஓய்வெடுத்து, கூடுதலாக ஆயத்தம் செய்து வந்த அணி தொடக்கத்தில் இருபத்துநான்கு புள்ளிகள் பின்தங்கி நின்றது. பின்னரே மீண்டு 28–27 என்று வென்றது. ஓய்வின் பயன் பிற்பாதியில்தான் தெரியும் என்று ஒருவர் வாதிடலாம். முன்பாதியில் ஆபர்ன் வென்றிருந்தால் ஆயத்தத்தின் பயன் தொடக்கத்திலேயே தெரியும் என்று அதே மனிதர் வாதிட்டிருப்பார். எந்த முடிவுக்கும் பொருந்தும் விளக்கத்தை விளக்கம் என்று கொள்வது கடினம். அதைவிட எளிய காரணம் ஒன்று உண்டு: அவ்வாண்டு ஆபர்ன் 14 ஆட்டங்களிலும் வென்று தேசிய சாம்பியன் ஆன அணி, அதன் கேம் நியூட்டன் அவ்வாண்டின் ஹைஸ்மன் விருதைப் பெற்றவர்.

எஞ்சுவது தென் கரோலினா. அக்டோபர் 9, கொலம்பியா நகரில், 35–21. முதலிடத்தில் இருந்த அலபாமாவின் 19 ஆட்டத் தொடர் வெற்றி அன்று முடிந்தது. எதிரணிக்கு 14 நாள், அலபாமாவுக்கு 7 நாள். ஓய்வின் பயனுக்கு இது ஒன்றைத்தான் ஓரளவு நேர்மையாகச் சான்று காட்ட முடியும். அதிலும் சொந்த மைதானத்தின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு என்று ஓர் ஆட்டத்திலிருந்து பிரித்தெடுக்க இயலாது. மறுபுறம், அதே போன்ற ஓய்வுடன் வந்த மிசிசிப்பி, டென்னசி, மிசிசிப்பி மாநில அணிகளை அலபாமா முறையே 23–10, 41–10, 30–10 என்று வென்றது. அவற்றை யாரும் நினைவுகூர்வதில்லை.

ஓர் ஆண்டின் கதையை விட்டுவிட்டு எல்லா ஆண்டுகளையும் சேர்த்துக் கூட்டினால் சரியாகிவிடுமா? ஆகாது. கூட்டமைப்பு தன் ஆட்டங்களுக்குத் தேதி குறிக்கிறது; மற்ற ஆட்டங்களைக் கல்லூரிகளின் விளையாட்டுத் துறைகள் தாமே பேரம் பேசி நிரப்புகின்றன. எஞ்சும் வெற்றுச் சனி எங்கே விழுகிறது என்பதில் கல்லூரியின் விருப்பத்துக்கு இடமிருக்கிறது. விருப்பம் உள்ளவர் எங்கே வைப்பார்? அலபாமாவுக்கு முன்னால்தான். வலிமைமிக்க எதிரிக்கு முன்பே ஓய்வு வைக்கப்படுமானால், ஓய்வுக்குப் பிந்தைய ஆட்டங்களின் வெற்றி விகிதம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும். வெறும் விகிதத்தைப் பார்ப்பவர் ஓய்வு தீங்கு செய்கிறது என்றே முடிவுகட்டிவிடுவார். மருத்துவமனையில் சேர்ந்தவர்களுள் இறப்பு அதிகம் என்பதால் மருத்துவமனை ஆளைக் கொல்கிறது என்று சொல்வதற்கு ஒப்பானது இது. எதிர்த்திசையிலும் ஒரு பொறி உண்டு. 2010-இல் தென் கரோலினா, எல்.எஸ்.யூ. இரண்டும் ஓய்வுக்கு முன் கடைசியாகச் சந்தித்தது ஆபர்னை; இரண்டும் தோற்றன. கடினமான ஆட்டத்துக்குப் பின் ஓய்வு, அதன்பின் மேம்பட்ட ஆட்டம் என்ற வரிசையில், ஓய்வே இல்லாவிட்டாலும் அணி தன் சராசரிக்குத் திரும்பியிருக்கும்.

ஆகவே அணியின் வலிமை, எதிரணியின் வலிமை, மைதானம் மூன்றையும் ஒருங்கே கணக்கில் எடுக்கும் மாதிரி வேண்டும். மொழியியல் சோதனைகளில் பங்கேற்பாளரையும் சொல்லையும் தனித்தனிச் சமவாய்ப்பு விளைவுகளாக வைப்பது எங்களுக்குப் பழக்கம்: ஒருவர் இயல்பாகவே மெதுவாக வாசிப்பார், ஒரு சொல் இயல்பாகவே கடினமாக இருக்கும், இவை போக எஞ்சுவதே ஆய்வாளருக்கு உரியது. இங்கே பங்கேற்பாளர் இடத்தில் அணி, சொல்லின் இடத்தில் எதிரணி. அணியின் வலிமை பருவத்தின் போக்கில் மாறிக்கொண்டே இருக்கும் என்பது மட்டும் கூடுதல் சிக்கல்.

அளவு பற்றிய உணர்வும் வேண்டும். 1991-இல் ஹால் ஸ்டெர்ன் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின்படி, என்.எஃப்.எல். ஆட்டங்களின் உண்மையான புள்ளி வித்தியாசம், பந்தயச் சந்தை கணித்த வித்தியாசத்தைச் சுற்றி 13.86 புள்ளி திட்ட விலக்கத்துடன் பரவுகிறது. ஓய்வின் பயன் 2.2 புள்ளி என்று கொள்வோம் (இந்த எண்ணைத் தேர்ந்ததன் காரணம் கீழே வரும்). சமபல அணிகளுக்கிடையே அது வெற்றி வாய்ப்பை 50-இலிருந்து ஏறத்தாழ 56 விழுக்காடாக உயர்த்தும். அத்தகைய பயனைத் தற்செயலிலிருந்து வேறுபடுத்த, அதாவது திட்டப் பிழையின் இரு மடங்குக்கு அதை எட்டவைக்க, சுமார் 159 ஆட்டங்கள் வேண்டும். ஓர் அணிக்கு ஆண்டுக்கு ஓர் ஓய்வு வாரம். ஒரே அணியை மட்டும் வைத்து நிறுவ விரும்புபவர் 159 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் அணிகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு இன்னும் பெரிது.

பிலடெல்ஃபியா அணியின் பயிற்சியாளராக ஆண்டி ரீட் 1999 முதல் 2012 வரை ஓய்வு வாரத்துக்குப் பின் 13–1 என்ற கணக்கை வைத்திருந்தார் என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அவருடைய பொதுவான வெற்றி விகிதம் அங்கே 58 விழுக்காடு அளவில். அதை வைத்துக் கணக்கிட்டால் 14-இல் 13-க்குக் குறையாமல் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 185-இல் ஒன்று. அரிதுதான். ஆனால் அரிதாக இருந்ததால்தான் அவர் பெயர் நம் காதுக்கு எட்டியது. 8–6 என்றிருந்த பயிற்சியாளரின் கணக்கை யார் சொல்லப்போகிறார்கள்?

மேலே சொன்ன 2.2 என்ற எண் 2024-இல் மைக்கேல் லோபஸ், தாம்சன் பிளிஸ் இருவரும் வெளியிட்ட என்.எஃப்.எல். ஆய்விலிருந்து வருவது. அணியின் வலிமை வாரத்துக்கு வாரம் நகர்வதை அனுமதிக்கும் பேய்சிய மாதிரியைப் பயன்படுத்திய அவர்கள், 2011-க்கு முன்பு ஓய்வு வாரத்திலிருந்து வரும் அணிக்கு ஆட்டத்துக்குச் சுமார் 2.2 புள்ளி சாதகம் இருந்ததாகவும், 2011-க்குப் பின் அத்தகைய சாதகத்துக்குக் குறிப்பிடத்தக்க சான்றில்லை என்றும் கண்டார்கள். இருவரும் என்.எஃப்.எல். நிறுவனத்தில் பணிபுரிபவர்கள், அட்டவணை எவருக்கும் அநீதி செய்யவில்லை என்ற முடிவு அந்நிறுவனத்துக்கு இனிமையானது என்பதையும் நினைவில் வைத்தே வாசிக்க வேண்டும். ஆனால் முறையில் குறை காண எனக்கு இடமில்லை.

2011-இல் என்ன நடந்தது? நான்கு மாதத்துக்கும் மேலாக நீடித்த கதவடைப்புக்குப் பின் லீக்கும் விளையாட்டு வீரர் சங்கமும் புதிய கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஓய்வு வாரத்தில் தொடர்ந்து நான்கு நாட்கள் வீரர்களுக்கு முழு விடுப்பு என்பது அதன் விதிகளுள் ஒன்று. அதற்கு முன் அந்த வாரத்தை எப்படிச் செலவிடுவது என்பது பயிற்சியாளரின் முடிவு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எழும் ஊகம் வியப்பானது: 'ஓய்வின் சாதகம்' என்று இத்தனை காலம் அளந்தது ஓய்வை அன்று, கூடுதல் வேலையை. ஓய்வு வாரத்தில் வீரர்கள் உண்மையாகவே ஓய்வெடுக்கத் தொடங்கியதும் அந்தச் சாதகம் காணாமல் போயிற்று. இது நிறுவப்பட்ட காரணம் அன்று. அதே ஆண்டுகளில் வியாழன் ஆட்டங்கள் பெருகின, உடற்பயிற்சி அறிவியலும் மாறியது. ஆயினும், ஒரு மாறிக்கு நாம் இட்ட பெயரே அதை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அட்டவணையில் அந்த நிரலுக்கு 'ஓய்வு' என்றில்லாமல் 'ஆட்டமில்லா வாரம்' என்று தலைப்பிட்டிருந்தால், அந்த வாரத்தில் என்ன நடந்தது என்ற கேள்வி முன்னரே எழுந்திருக்கும்.

கல்லூரிகளில் அந்த நான்கு நாள் விதி இல்லை, ஏனெனில் அதைக் கேட்டுப் பெறுவதற்கான சங்கம் இல்லை. 1991-இல் என்.சி.ஏ.ஏ. கொண்டுவந்த விதிப்படி பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரமே விளையாட்டுக்கு. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான். 2014 மார்ச்சில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க விண்ணப்பித்த வழக்கில், தேசியத் தொழிலுறவு வாரியத்தின் வட்டார இயக்குநர் அவர்கள் பருவத்தில் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் கால்பந்துக்குச் செலவிடுவதாகக் கண்டறிந்து, அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பளித்தார். ஏப்ரலில் வாக்கெடுப்பு நடந்தது. 2015 ஆகஸ்டில் வாரியம் இவ்வழக்கில் தன் அதிகாரத்தைச் செலுத்தப்போவதில்லை என்று ஒருமனதாக ஒதுங்கிக்கொண்டது. முத்திரையிட்டு வைத்திருந்த வாக்குகள் எண்ணப்படவே இல்லை.

கல்லூரிக் கால்பந்தின் ஓய்வு வாரம் பற்றி இனி ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. ஆட்ட முடிவுகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றைக் கொண்டு இன்னொரு வெற்றி விகிதம் கணக்கிடுவதில் பயனில்லை. கல்லூரி தானே தேர்ந்துகொள்ளும் ஓய்வையும், நாட்காட்டி எல்லார்மீதும் சுமத்தும் இரண்டாவது ஓய்வையும் பிரித்துப் பாருங்கள். பின்னதன் வருகையை எந்தப் பயிற்சியாளரும் தீர்மானிப்பதில்லை. அரசுப் பல்கலைக்கழகங்களின் பயிற்சி நேரப் பதிவேடுகளைத் தகவல் உரிமைச் சட்டங்களின்வழி கேட்டுப் பாருங்கள். ஆட்டமில்லாத அந்த ஏழு நாட்களில் மாணவர்கள் எத்தனை மணி நேரம் களத்தில் நின்றார்கள் என்பது தெரிந்தாலன்றி நாம் எதன் விளைவை அளக்கிறோம் என்பதே தெரியாது. இப்போதைய ஏற்பாடு மாறாதிருந்தால், 14 சனிக்கிழமைகள் அடுத்து வருவது 2030-இலும் 2031-இலும்.